ஏழாம் பத்தி

எங்கள் மேடத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கச்சேரி ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி ஏறி வருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேடத்தைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "வக்கீல் எப்ப வருவாரு?" என்பார்கள். "அதோ உக்காந்துகினு கீறாங்களே, அவங்கதான்" என்பேன். உடனே பெயர்ப் பலகையைத் தேடுவார்கள். எஸ். பேச்சியம்மாள், பி.ஏ., பி.எல். என்று போட்டிருக்கும். மறுபடியும் முகத்தைப் பார்ப்பார்கள். சின்னக் கண், தட்டை மூக்கு, உருண்டைக் கன்னம். அந்த முகத்தையும் இந்தப் பெயரையும் சேர்த்துவைக்க அவர்களுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். அந்த ஐந்து நிமிடம் எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

நான் மெஹபூப் பாஷா. வீடு ராயப்பேட்டை. வக்கீல் குமாஸ்தாவாக இருபத்தாறு வருடம் ஓட்டியவன். அதில் முதல் பதினோரு வருடம் மயிலாப்பூரில் பெரிய சீனியர் ஒருவரிடம் இருந்தேன். அங்கேதான் மேடம் ஜூனியராக வந்து சேர்ந்தார். சீனியர் அவரை மோசமாக நடத்தினார் என்று சொல்ல முடியாது, நடத்தவே இல்லை. ஆறு வருடம் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்ததுதான் மிச்சம். "கட்சிக்காரன் பயந்துடுவான்ப்பா, சைனாக்காரி வாதாடறான்னு" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் ஒரு நீதிபதி மேடத்தைப் பார்த்து, தமிழ் தெரியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். "எங்க அப்பாரு ஊரு அருப்புக்கோட்டைங்கய்யா. தமிழ்லதான் அடி வாங்கி வளந்தேன்" என்றார் மேடம். கோர்ட்டே சிரித்தது. அந்த வாரமே தனியாகப் பலகை மாட்டினார். நானும் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன்.

மேடத்தின் அப்பா சோலைமலை பிழைக்கப் போனது ரங்கூனுக்கு. அங்கே ஒரு அரிசி ஆலையில் வேலை. பக்கத்துக் கடை பர்மாக்காரர் மகள் மா டின்னைக் கட்டிக்கொண்டார். பிறந்த பெண்ணுக்குத் தன் குலசாமி பேச்சியின் பெயரை வைத்தார். அறுபத்தைந்தில் அந்த நாடு இவர்களைப் போகச் சொன்னது. மேடத்துக்கு அப்போது எட்டு வயது. துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் காதுத் தோட்டைக்கூடக் கழற்றிக்கொண்டார்களாம். கப்பலில் சோலைமலை சும்மா உட்காரவில்லை. ஒரு நோட்டு வாங்கி, விட்டுவந்த வீட்டில் என்னென்ன இருந்தது என்று மகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். தேக்குக் கட்டில் ஒன்று. தண்ணீர்ச் சால் இரண்டு. அடுப்பங்கரை ஜன்னலில் பச்சைக் கண்ணாடி. மூலையில் பாதி பின்னிய பாய். மெட்ராஸில் மறுவாழ்வு ஆபீஸில் அந்த நோட்டைக் காட்டியபோது, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எழுத்தர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் ஒரு வீட்டில் வாழ்ந்தது என்பதற்கு அதைத் தவிர வேறு காகிதம் கிடையாது.

பிறகு இங்கே வீடு தேடினார்கள். அப்பா மட்டும் போய்க் கேட்டால் வீடு உண்டு. அம்மா கூட வந்தால், "இப்பத்தான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்பார்கள். நாலைந்து தடவை பார்த்துவிட்டு எட்டு வயதுப் பேச்சியே அம்மாவிடம் சொன்னாளாம்: "நீ தெருமுனையில நில்லும்மா. வீடு முடிவானதும் கூப்பிடறோம்." மா டின் மறுபேச்சில்லாமல் போய் நின்றாளாம். இதை மேடம் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கடைசியில் பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் இடம் கிடைத்தது. அங்கே மா டின் பர்மா வழக்கப்படி மீன் விழுது செய்து பானையில் ஊறப் போட, வாடை தாங்கவில்லை என்று மீன்காரப் பெண்களே சண்டைக்கு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மீன்காரிகளே பின்னால் கிண்ணம் கொண்டுவந்து கேட்டு வாங்கினார்கள் என்பது வேறு கதை.

மேடத்தின் வேலை முறையில் இரண்டு விசேஷம் உண்டு. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும் யார் அடித்தார்கள், யார் திட்டினார்கள் என்று கேட்கமாட்டார். "அந்த இடத்துல என்னென்ன பொருள் இருந்திச்சு? ஒண்ணு விடாம எழுதுங்க" என்று ஒரு தாளைக் கொடுப்பார். அழுதுகொண்டு வந்தவர்கள்கூட, விளக்குமாறு வாளி என்று எழுத ஆரம்பித்ததும் அழுகையை விட்டுவிடுவார்கள். இரண்டாவது விசேஷம், முகத்தைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ விரட்டப்பட்டவர் யார் வந்தாலும், விரட்டியவர் சொன்ன வார்த்தையை அப்படியே மனுவில் ஒரு பத்தியாக எழுதிவிடுவார். லாட்ஜில் அறை மறுக்கப்பட்ட ஆப்பிரிக்க மாணவர், ஓட்டலில் வெளியே உட்காரச் சொல்லப்பட்ட நேபாளி என்று அப்படிப் பலர் எங்கள் மாடி ஏறினார்கள். நீதிபதிகள் அந்தப் பத்தியைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். வழக்குக்குச் சம்பந்தம் இல்லை என்று நீக்கிவிடுவார்கள். அடுத்த மனுவில் மேடம் மறுபடியும் எழுதுவார். "இன்னா மேடம், அவங்க அடிக்கிறாங்க, நீங்க எழுதறீங்க" என்று நான் சலித்துக்கொள்வேன். "அடிக்கறதுக்காவது ஒரு தடவ படிக்கணும்ல, பாய்" என்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூற்றேழு ஏப்ரல். ஊருக்குச் சென்னை என்று பெயர் மாற்றி ஒரு வருடம்கூட ஆகாததால் நாங்கள் மனுவில் மெட்ராஸ் என்று அடித்துவிட்டு வெள்ளை மை பூசிக்கொண்டிருந்த காலம். இருபத்தோராம் தேதி திங்கட்கிழமை காலை, நர்ஸ் ஒருத்தி ஐந்து வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். மேடத்தைப் பார்த்து, "நீங்கதானே வக்கீல்?" என்று நேராகக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்குப் பொழுதுபோக்கு போச்சு.

பெயர் லால்ரின்பூயி, சுருக்கமாக ரின்பூயி. ஊர் மிசோரமில் அய்ஸால். அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஆறு வருடமாக வேலை. புருஷன் லாரி விபத்தில் இறந்து இரண்டு வருடம். அவள் தமிழ் ஒரு தனி ரகம். நோயாளிகளிடம் சொல்லும் வாக்கியங்கள் மட்டும் கண்ணாடி மாதிரி வரும்: "பயப்படாதீங்க, மூச்சை இழுத்து விடுங்க, கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க." மற்றதெல்லாம் தட்டுத்தடுமாறித்தான். மகள் ரேமி, ராயப்பேட்டையில் ஒரு ஆயா வீட்டில் ஒரு வருடமாக வளர்கிறவள். அவள் தமிழ் என் தமிழ்.

ரேமி ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே நின்றாள். மூக்கு ஒழுகுகிறதோ என்று நினைத்து என் கைக்குட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. கையை எடுக்காமலே என்னைக் கேட்டாள்.

"பாய், என் மூஞ்சிக்கு இன்னா ஆச்சு?"

எனக்குப் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் கை எழுதுவதை நிறுத்தியதை நான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ரின்பூயி தங்கியிருந்த பெண்கள் விடுதியில் குழந்தைக்கு அனுமதி இல்லை. அதனால்தான் ரேமி ஆயா வீட்டில் இருந்தாள். ஆயா ஏப்ரல் முடிந்ததும் மகன் வீட்டோடு போகிறாள். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் ஜூன் மாதத்துக்கு ரேமிக்கு இடம் கிடைத்தாகிவிட்டது. வீடு கிடைத்தால் தாயும் மகளும் சேர்ந்து இருக்கலாம். இல்லாவிட்டால் மே இரண்டாம் தேதி, ஊருக்குப் போகும் ஒரு சிநேகிதியோடு ரேமியை ரயிலேற்றி அனுப்ப டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். நாலு நாள் பயணம். போனால் அடுத்த வருடம் லீவில்தான் பார்க்க முடியும்.

வீடும் கிடைத்தது. மந்தைவெளியில் தரைத்தளத்தில் ஒரு போர்ஷன். சொந்தக்காரர் ராஜரத்தினம், தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், மாடியில் மனைவியோடு குடியிருந்தார். பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை நல்ல நேரம் என்று அவரே காலண்டர் பார்த்துச் சொல்லி, சாவியைக் கொடுத்து, பால் காய்ச்சச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. ஞாயிறு வந்தபோது கதவில் வேறொரு பூட்டு தொங்கியது. இடையில் தெருவில் யாரோ எதையோ ஓதியிருக்கிறார்கள். ராஜரத்தினம் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டே, "உங்க மாதிரி மூஞ்சிக்காரங்களுக்கு இங்க வீடு கிடையாது. உங்க ஊர்லயே போயி இருங்க" என்றார். ரின்பூயிக்குப் பாதிதான் விளங்கியது. ரேமிக்கு முழுதும் விளங்கியது.

மேடம் தாளை எடுத்து நீட்டினார். "பால் காய்ச்சின வீட்டுல இப்ப என்னென்ன இருக்கு? எழுதுங்க."

ரின்பூயி இங்கிலீஷில் எழுதினாள். விளக்குமாறு. பாய். ஏசு படம். பம்பு ஸ்டவ். ஒரு எவர்சில்வர் பானை, பெயரோடு.

"பெயரோடன்னா?"

"என் பேர். அங்க்கிள் கொடுத்தார். கடையில இருந்து. பேர், தேதி, எல்லாம்" என்று விரலால் வெட்டுவதுபோல் காட்டினாள்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். பாத்திரக்கடைக்காரர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம், சீமந்தம், புதுமனை என்று எது கொடுத்தாலும் பெயர் வெட்டாமல் கொடுக்க அவர்களுக்குக் கை வராது. ராஜரத்தினம் அதிலும் ஒரு படி மேல். தன் வீட்டுக்குக் குடிவருகிற ஒவ்வொருவருக்கும் பால் காய்ச்சத் தன் கடைப் பானையைக் கொடுப்பார். குடிவருகிறவர் பெயர், பால் காய்ச்சிய தேதி, கடைப் பெயர் மூன்றும் அதில் இருக்கும். விளம்பரத்துக்கு விளம்பரம், மங்களத்துக்கு மங்களம்.

மேடம் ரின்பூயியிடம் ஒளிக்காமல் சொன்னார். முகத்தைப் பார்த்து வீடு மறுக்காதே என்று ஒரு தனி வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்த நம்மிடம் சட்டம் இல்லை. அரசியல் சாசனம் அரசாங்கத்தைத்தான் கேள்வி கேட்கும். ஆனால் ஒருத்தர் ஒரு வீட்டில் குடியேறிவிட்டால், சொந்தக்காரரே ஆனாலும் பூட்டுப்போட்டு வெளியே தள்ள முடியாது. ஆகவே ஒரே கேள்விதான்: நீ குடியேறினாயா இல்லையா? ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை. இருப்பது ஒரு பானை. சிவில் கோர்ட்டுக்கு மே மாதம் முழுக்க விடுமுறை. ஏப்ரல் முப்பதுக்குள் உத்தரவு வாங்காவிட்டால் ரேமி ரயிலேற வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மனு போட்டோம். ஏழாவது பத்தியில் ராஜரத்தினம் கேட்டருகே சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது.

எதிர்த்தரப்புப் பதிலும் சூட்டோடு சூடாக வந்தது. அந்தப் பெண் வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லையாம். வீடு பார்க்கச் சாவி வாங்கிப் போனவள் திருப்பித் தரவில்லையாம். பால் காய்ச்சியதெல்லாம் கட்டுக்கதையாம். ஏழாம் பத்தி அபாண்டமாம். படித்துவிட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. மேடம் அமைதியாக இன்னொரு மனு போட்டார். வீட்டைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து எழுத ஒரு கமிஷனர் வேண்டும் என்று. நீதிபதி ஒரு இளம் வக்கீலை நியமித்தார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும், புதன்கிழமை அறிக்கை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோர்ட் வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் மேடத்தை ஓரமாக அழைத்தார்.

"சிஸ்டர், நம்ம ஆள் சாவி தரேங்கறாரு. இன்னிக்கே தரேங்கறாரு. ஏழாம் பத்திய மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க. அவரு வியாபாரிகள் சங்கத்துல பொருளாளர். கோர்ட்டுப் பேப்பர்ல அது இருந்தா அசிங்கம்."

நான் அல்லாவுக்கு நன்றி சொன்னேன். ஒரு பத்தி! ஒரு கோடு கிழித்தால் குழந்தைக்கு வீடு. "மேடம், ஒத்துக்குங்க. கமிஷனர் போறப்போ பான இல்லேன்னா இன்னா பண்ணுவீங்க? கைல சிக்கினத வுடாதீங்க" என்றேன்.

மேடத்தின் முகம் அப்படிக் கறுத்து நான் பார்த்ததில்லை. "எனக்கு இஷ்டமில்ல பாய். ஆனா ரயிலேறப் போறது என் பொண்ணு இல்ல. அவங்களே சொல்லட்டும்" என்றார்.

ரின்பூயி டியூட்டி உடுப்போடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ரேமி, வழக்கம்போல முகத்தில் கை. மேடம் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். பத்தியை எடுத்தால் இன்றைக்கே வீடு. வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கலாம், இரண்டும் போகலாம். தான் அம்மாவைத் தெருமுனையில் நிற்கவைத்து வீடு பிடித்ததையும் சொன்னார். "அப்படிக் கிடைச்ச வீட்டுலயும் நல்லாத்தான் இருந்தோம். நீங்க எதைச் சொன்னாலும் நான் தப்பா நினைக்கமாட்டேன்" என்றார்.

ரின்பூயி ரேமியின் கையை மெதுவாக முகத்திலிருந்து எடுத்துவிட்டாள். அது தானாகவே மறுபடியும் மேலே போய் மூடிக்கொண்டது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேடத்தின் தோளில் கை வைத்து, ஊசி போடுவதற்கு முன்னால் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்குங்க."

பத்தி மனுவிலேயே நின்றது. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அதோடு மரியாதையும் சேர்ந்தே வந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மந்தைவெளி. கமிஷனர் ராஜகோபாலன் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர், தி.நகரில் புதிதாக வாங்கிய அளவு நாடாவோடு வந்திருந்தார். எதைப் பார்த்தாலும் அளந்தார். கேட்டை அளந்தார், படியை அளந்தார். ராஜரத்தினம் வெள்ளை வேட்டி சட்டையில் கைகட்டி நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேடத்தைப் பார்த்ததும் அவர் உதடு கோணியதை நான் கவனித்தேன். அந்தப் பொண்ணு தன் இனத்திலேயே வக்கீல் பிடித்துவந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். மேடம் "பூட்டத் திறங்கண்ணாச்சி" என்றதும் மனிதர் திடுக்கிட்டார்.

"நீங்க... எந்த ஊரும்மா?"

"அருப்புக்கோட்டை. மூஞ்சிதான் எங்க அம்மா ஊரு."

ராஜரத்தினம் பூட்டைத் திறக்கிற சாக்கில் குனிந்துகொண்டார். அவர் ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துச் சாத்தூர் என்று பின்னால் தெரிந்தது.

உள்ளே போனோம். கூடம் காலி. படுக்கையறை காலி. அடுப்பங்கரை துடைத்துவிட்டது போல் இருந்தது. பாய் இல்லை, படம் இல்லை, ஸ்டவ் இல்லை. பானை இல்லை. மேடையில் ஒரு சொட்டுப் பால் கறைகூட இல்லை. சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்கள். ரின்பூயி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பொருள் எதுவும் இல்லைன்னு எழுதிக்கறேன், மேடம்" என்றார் ராஜகோபாலன். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அளப்பதற்கு ஒன்றும் இல்லாத வருத்தமாகவும் இருக்கலாம்.

"எழுதுங்க சார்" என்றார் மேடம். கையில் இருந்த ரின்பூயியின் பட்டியலை விரித்து உரக்க வாசிக்க ஆரம்பித்தார். பார்த்ததைத்தான் எழுதுவேன் என்று ராஜகோபாலன் தடுக்கவில்லை. "விளக்குமாறு ஒன்று. இல்லை. பாய் ஒன்று. இல்லை. ஏசு படம் ஒன்று. இல்லை. பால் காய்ச்சிய எவர்சில்வர் பானை ஒன்று. பெயர் வெட்டியது..."

"இருக்கு" என்று ஒரு குரல் கேட்டது.

மாடிப்படியில் ராஜரத்தினத்தின் மனைவி தங்கபுஷ்பம் நின்றிருந்தார். இடுப்பில் பானை. அவர் அதை அணைத்துப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் கிணற்றடியிலிருந்து வருகிறவர் மாதிரி இருந்தது.

"புஷ்பம், நீ உள்ள போ" என்றார் ராஜரத்தினம்.

அவர் போகவில்லை. நேராக இறங்கி வந்து பானையைக் கமிஷனர் கையில் கொடுத்தார். "இவுகதான் கடைக்கு அனுப்பி பாலிஷ் போட்டு பேர அழிக்கச் சொன்னாக. நான் அனுப்பல. பால் பொங்குன பானைங்கய்யா. நானே பக்கத்துல நின்னு பொங்கலோ பொங்கல்னு கூவினேன். அதுல இருக்க பேர அழிச்சா இந்த வீடு விளங்குமா? கழுவி, அரிசிப் பானை மேல வச்சிருந்தேன். பாயும் ஸ்டவ்வும் படமும் மாடியிலதான் இருக்கு." பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "எழுபத்தொண்ணுல நாம வீடு தேடி வந்தப்ப இதே மந்தைவெளியில என்ன சொன்னாக? கறி திங்கறவுகளுக்கு இல்லன்னு எத்தன கதவச் சாத்துனாக? நீங்க மறந்துட்டிகளா? நான் மறக்கல."

ராஜகோபாலன் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுதி, கடைசியில் அதன் வாயையும் அளந்தார்.

புதன்கிழமை, ஏப்ரல் முப்பது. விடுமுறைக்கு முந்தைய நாள் கோர்ட் சந்தைபோல இருந்தது. நாலு மணிக்கு எங்கள் எண் கூப்பிட்டார்கள். பானை நீதிபதியின் மேஜையில் இருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். "ஸி. லால்ரின்பூயி. பால் காய்ச்சியது, 18.4.97. ராஜரத்தினம் பாத்திரக்கடை, தியாகராய நகர்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ராஜரத்தினம் யாரு? முன்னாடி வாங்க" என்றார்.

ராஜரத்தினம் போய் நின்றார்.

"இது உங்க கடை வெட்டா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப உங்க பதில் மனு?"

மனிதர் தலை குனிந்தார். நீதிபதி கட்டைப் புரட்டினார். வேண்டாம் வேண்டாம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில்தான் எங்கள் பத்திக்குக் கோடு விழும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏழாம் பத்தியை முழுதாக, சத்தமாக வாசித்தார். பத்து வருடத்தில் ஒரு நீதிபதி அதை வாய்விட்டு வாசித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இதச் சொன்னீங்களா?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையைக் காட்டி உட்காரவைத்தார். ராஜரத்தினம் திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் தங்கபுஷ்பமும், அவருக்குப் பக்கத்தில் ரின்பூயியும், நடுவில் முகத்தை மூடியபடி ரேமியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சொன்னேங்கய்யா" என்றார். "சொல்லியிருக்கக் கூடாது. புள்ள கேட்டுக்கிட்டு நின்னுச்சுங்கய்யா. அதுலருந்து எனக்கு..." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உத்தரவு ஒன்றரைப் பக்கம். சாவியை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி: மனுவின் ஏழாம் பத்தியில் கண்ட சொற்களை எதிர்மனுதாரர் ஒப்புக்கொண்டார், அவை சொல்லத்தகாதவை என்று இந்த நீதிமன்றம் பதிவு செய்கிறது. இதனால் சட்டம் மாறிவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அந்த உத்தரவின் நகலை மேடம் அடுத்தடுத்த எத்தனை மனுக்களோடு இணைத்தார் என்று எனக்குத்தான் தெரியும். ஜெராக்ஸ் எடுத்தவன் நான். இரண்டு கேஸில் எதிராளி அதைப் பார்த்துவிட்டே சமாதானத்துக்கு வந்தான். அன்றைக்குச் சாயங்காலம் மேடம் பழைய நோட்டு ஒன்றை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து, உத்தரவின் ஒரு நகலை மடித்து அதற்குள் வைத்தார். சோலைமலையின் நோட்டு. தேக்குக் கட்டிலுக்கும் பச்சைக் கண்ணாடிக்கும் நடுவில்.

மே இரண்டாம் தேதி ரயில் ரேமி இல்லாமல் போனது. அன்று வெள்ளிக்கிழமை. தங்கபுஷ்பம் மறுபடி காலண்டர் பார்த்து, மறுபடி பால் காய்ச்ச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மேடமும் நானும் போயிருந்தோம். மேடம் கோர்ட்டு உடுப்பில் இருந்தார். கிரிமினல் கோர்ட்டுக்கு விடுமுறை கிடையாது, வழியில் அங்கே ஒரு வேலை. ராஜரத்தினம் கேட்டைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், "வாம்மா, வா வா" என்று மூன்று தடவை ரேமியிடம் சொன்னார். அவள் கை முகத்தில்தான் இருந்தது. கேட்டைத் தாண்டும்போது இன்னும் இறுக்கினாள். ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்டால் அடுத்த நிமிடம் இறங்கிவிடுகிற கை இல்லை அது.

பால் பொங்கியது. தங்கபுஷ்பம் கூவினார். ராஜகோபாலன் கையில் அளவு நாடா இல்லாததால் நான் நிம்மதியாகக் காப்பி குடித்தேன். ஆமாம், அவரும் வந்திருந்தார். ரேமி மட்டும் மேடத்தின் முன்னால் வந்து நின்றாள். மேடத்தின் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள், வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்த்தாள், பிறகு முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். மறைக்காத கையை நீட்டி மேடத்தின் மூக்கைத் தொட்டாள். முகத்தை மூடியிருந்த கையை எடுத்துவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, வக்கீல் ஆவணும்னா இந்த மூஞ்சிதான் வோணுமா?"

சிட்டி சிவில் கோர்ட்டில் எந்த நீதிபதி எதைக் கேட்டாலும் வாயில் பதில் வைத்திருக்கும் எங்கள் மேடம், கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"பாய்," என்றார். "இதுக்கு மட்டும் ஒரு வாய்தா வாங்குங்க."